அசோமுவாவின் மூணு மணிச் சட்டம்

இனிமேல் இந்த வீட்டில் சனிக்கிழமை மூணு மணியிலிருந்து அஞ்சு மணி வரைக்கும் டி.வி.யைத் தவிர ஒரு ஈ எறும்புகூட இன்டர்நெட் லைனில் ஏறக்கூடாது.

இப்படி ஒரு சட்டம் போட்டார் அசோமுவா. போட்டார் என்றால் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது பெண்டாட்டி சினிவாவின் காதில் விழுந்திருக்கும். விழுந்திருந்தால் அந்த நிமிஷமே சட்டம் வாபஸ் ஆகியிருக்கும். அதனால் மனசுக்குள்ளேயே போட்டார். நம்ம சமோவாவின் தலைநகர் ஆப்பியா சந்தையிலிருந்து பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வரும்போது, மூணாவது வளைவில், ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு தட்டு தட்டிப் போட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் ஸ்டாப் வந்துவிட்டது என்று நினைத்து இறங்கத் தயாரானார்.

வைத்தோலு ஊரில் அசோமுவாவைத் தெரியாதவர் கிடையாது. காலையில் ஊர் ஜனத்தைச் சந்தைக்கு ஏற்றிப் போய், மத்தியானம் திருப்பிக் கொண்டுவந்து கொட்டும் மஞ்சள் மர பஸ் அவருடையது. ஆள் பெரிசு. குரல் அதைவிடப் பெரிசு. பஸ்ஸுக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். யார் முன்னால் உட்காருவது, யார் மடியில் யார் உட்காருவது எல்லாம் அவர் கண்ணாடியில் பார்த்து ஒரு முறை முறைத்தாலே முடிவாகிவிடும். அதே மனுஷன் வீட்டுக்குள் கால் வைத்ததும் செருப்பை எங்கே விடுவது என்று பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பார். அதற்கு நாம் என்ன செய்ய முடியும்.

சட்டத்துக்குக் காரணம் போன மாதம் நடந்த அவமானம். ஊரிலேயே பெரிய டி.வி. அசோமுவா வீட்டில்தான் இருக்கிறது. நமக்கும் ஃபிஜிக்கும் ரக்பி ஆட்டம். போதகர் ஐயாவிலிருந்து கடைக்கார செமிசி வரைக்கும் ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேரும் பாயில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்டம் முடிய ரெண்டு நிமிஷம். நம்ம ஆள் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோட்டைப் பார்த்து ஓடுகிறான். இன்னும் நாலு எட்டு. ஒரு காலைத் தூக்கினான். தூக்கினவன் தூக்கினபடியே நின்றுவிட்டான். படம் நகரவில்லை. ஒரு நிமிஷம் போச்சு, ரெண்டு நிமிஷம் போச்சு, அவன் காலைக் கீழே வைக்கிற வழியாக இல்லை. செமிசி மெதுவாக எழுந்து, "நம்ம வீட்டுல சின்ன டி.வி.தான். ஆனா அதுல வர்றவன் எல்லாம் ரெண்டு காலாலயும் ஓடறான்" என்றார். பாய் காலியாகிவிட்டது. போதகர்கூடப் போய்விட்டார். அசோமுவாவும் அந்த ஒற்றைக் காலும் மட்டும் மிச்சம்.

படம் ஏன் நின்றது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பின்கட்டுச் சமையல் கொட்டகையில் சகோதரிகள் சபை கூடியிருந்தது.

சினிவாவுக்கு நாலு அக்காக்கள். பெரியக்கா ஆக்லாந்தில். அடுத்தவள் சிட்னியில். மூணாமவள் ஹொனலுலுவில். நாலாமவள் அமெரிக்காவுக்குச் சொந்தமான பக்கத்துத் தீவில், பாகோ பாகோவில். அவளுக்கு வீட்டில் 'நேத்து அக்கா' என்று பேர். பிளேன் ஏறினால் வெற்றிலை போட்டு மெல்லும் நேரத்தில் இறங்கிவிடலாம், ஆனால் அங்கே நமக்கு முந்தின நாள். நம்ம அரசாங்கம் ஒரு வருஷக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமையை அப்படியே முழுங்கிவிட்டு ஆக்லாந்து பக்கத்து நாளுக்குத் தாவிக் குதித்தபோது, அவர்கள் பழைய நாளிலேயே நின்றுவிட்டார்கள். மணி ரெண்டு இடத்திலும் ஒன்றுதான், கிழமைதான் வேறு. இந்த அஞ்சு பேரும் சனிக்கிழமை மூணு மணிக்கு, டி.வி. ஓடுகிற அதே லைனில், போனில் முகம் பார்த்துப் பேச உட்கார்ந்தால் அஞ்சு மணிக்குத்தான் எழுவார்கள். அஞ்சு வாய், ஒரே நேரத்தில். யார் கேட்கிறார்கள் என்பது இன்றுவரை விளங்காத விஷயம்.

நேரத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லி அசோமுவா ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். பெரியக்காவிடம் நீங்களே கேளுங்கள் என்று சினிவா போனை நீட்டினாள். பெரியக்காவின் முகம் திரையில் வந்ததும் அவர் வணக்கம் சொல்லி, உடம்பு எப்படி இருக்கிறது, மழை உண்டா என்று விசாரித்துவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் படிக்கப் போனார். ஆப்பியாவில் தபால் ஆபீஸுக்குப் பின்னால் ஒரு பயிற்சிக்கூடம் இருக்கிறது. காலை ட்ரிப் முடிந்ததும் பஸ்ஸை மரத்தடியில் நிறுத்திவிட்டு, மூணு வாரம், தன்னில் பாதி வயசுப் பிள்ளைகளோடு பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து நெட்வொர்க் படித்தார். கடைசியில் சர்டிபிகேட் கொடுத்தார்கள். அதற்குக் கண்ணாடி போட்டு, வீட்டு நடுத்தூணில், கல்யாணப் படத்துக்கு ஒரு ஜாண் மேலே மாட்டினார். சினிவா அதைப் பார்த்தாள். கல்யாணப் படத்தைப் பார்த்தாள். தேங்காய் துருவப் போனாள்.

படித்தவன் சும்மா இருக்க முடியுமா? தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் எதிரே போய் உட்கார்ந்து பாடத்தை ஆரம்பித்தார்.

"லைன்னா என்னன்னு நினைச்சே? ஒரு பஸ் மாதிரிதான்."

"உங்க பஸ்ஸா? அப்ப சரி, மேட்டுல நிக்கத்தான் செய்யும்."

"கேளு. நாம அனுப்பறது வாங்கறது எல்லாத்தையும் சின்னச் சின்னப் பாக்கெட்டா நறுக்கித்தான் அனுப்புவாங்க. ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு பயணி. பஸ்ஸுல இடம் எவ்வளவோ அவ்வளவுதான் ஏத்தலாம். படம் இருக்கே, அது ரெண்டு மூட்டை, ஒரு பன்னிக்குட்டியோட ஏறுற ஆளு. நாலு பேர் இடத்தை அடைச்சுக்கும். அஞ்சு பேரு அஞ்சு மூஞ்சியைக் காட்டினா பஸ் என்னத்துக்கு ஆகும்?"

"குரலு?"

"குரல் ஒல்லிப்பிச்சான். யார் மடியிலயாவது உக்காந்துட்டுப் போயிடும். இடமே வேண்டாம்."

நம்ம ஊர் பஸ்ஸில் ஸீட் நிறைந்துவிட்டால் யாரும் நிற்பதில்லை. ஒருத்தர் மடியில் ஒருத்தர் உட்கார்ந்துகொள்வோம். அதனால் சினிவாவுக்கு இது ஒரே தடவையில் புரிந்துவிட்டது. துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பெண்டாட்டி இத்தனை கவனமாகத் தன் பேச்சைக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு என்று அசோமுவாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோய்விட்டது. பாடம் வேகம் பிடித்தது.

வீட்டிலிருக்கிற ரவுட்டர் பெட்டிதான் கண்டக்டர், வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு ஸீட் நம்பர் கொடுக்கும், அது நாளுக்கு நாள் மாறும் என்றார். ஆனால் ஒவ்வொரு போனுக்கும், டி.வி.க்கும், பிறக்கும்போதே ஞானஸ்நானத்தில் வைத்த பேர் மாதிரி இன்னொரு நம்பர் உண்டு, அது சாகிற வரைக்கும் மாறாது என்றார்.

"அதை வெச்சு ஆளைப் பிடிச்சு நிறுத்திடலாம்னு சொல்லுங்க" என்றாள் சினிவா.

அசோமுவா அவசரமாகத் துருவின தேங்காயில் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். பேச்சை மாற்ற, அதே பெட்டிதான் ஊர் எல்லையில் இருக்கிற ஸ்டாப்பும், அதைத் தாண்டாமல் ஒரு பாக்கெட்கூட வெளியே போக முடியாது, அந்த ஸ்டாப்புக்கு ஒரு விலாசம் உண்டு என்று நூற்றித் தொண்ணூற்றிரண்டில் ஆரம்பித்து ஒன்று, ஒன்று என்று முடிகிற அந்த நம்பரை ஒப்பித்தும் காட்டினார்.

"அதைப் போன்ல அடிச்சா உள்ள போயிடலாமா?"

"எப்படிப் போவே? பாஸ்வேர்ட் வேணும். அது இந்த உலகத்துல ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்."

சொல்லும்போது அவர் கண் தன்னையறியாமல் நடுத்தூணுக்குப் போய், சர்டிபிகேட்டின் அடியில் இருந்த எண்ணில் உட்கார்ந்து, திரும்பி வந்தது. மறந்துபோகக்கூடாதே என்று அந்த எண்ணைத்தான் பாஸ்வேர்டாக வைத்திருந்தார். சினிவாவின் கண்ணும் தூணுக்குப் போய் வந்தது. பிறகு அவள் மறுபடி துருவ ஆரம்பித்தாள்.

அடுத்த சனிக்கிழமை நமக்கும் டோங்காவுக்கும் ஆட்டம். அதற்கு முந்தின சனிக்கிழமை, சகோதரிகள் சபை கலைந்து சினிவா பாட்டுப் பயிற்சிக்குக் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, அசோமுவா பெட்டிக்குள் நுழைந்தார். சனிக்கிழமை, மூணு முதல் அஞ்சு, டி.வி. மட்டும். மற்றவர்களுக்குக் கதவடைப்பு. எந்த ஊர் மணி என்று பெட்டி கேட்டது. நீளமான பட்டியல். விரலால் தள்ளிக்கொண்டே போனார். 'மிட்வே தீவு, சமோவா' என்று ஒரு வரி இருந்தது. உலகத்திலுள்ள இத்தனை தேசங்களுக்கு நடுவில் நம்ம பேரும் இருக்கிறதே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அழுத்தினார். பெட்டி காட்டின மணியையும் கைக்கடிகாரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை. அப்பாடா என்று பெட்டியை மூடினார்.

சினிவா திரும்பி வந்ததும் ஒரு முன்னெச்சரிக்கை.

"வர்ற சனிக்கிழமை ஆக்லாந்து லைன் கொஞ்சம் தகராறு பண்ணலாம். கடலுக்கடியில கேபிள் போகுதில்ல, அதைச் சுறா வந்து கடிக்குதாம்."

"சனிக்கிழமை மட்டுமா கடிக்கும்?"

"அன்னிக்குத்தான் கூட்டமா வருமாம்."

"மூணு மணிக்கா?"

"அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்? நான் என்ன சுறாவா?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயில் முடிந்து, சேப்பங்கிழங்கும் தேங்காய்ப்பாலில் வெந்த அதன் இலையும் கழுத்துவரை சாப்பிட்டுவிட்டு, நம்ம ஊரே பாயில் சாய்ந்து கிடக்கிற மத்தியானம். அசோமுவாவின் குறட்டை ரோட்டைத் தாண்டிக் கேட்டது. யாரோ தோளை உலுக்கினார்கள்.

"ஏங்க. என் போன்ல லைனே இல்ல. டி.வி.ல மட்டும் வருது."

"சனிக்கிழமைக்கு மட்டும்தான்... பேசாம படு" என்று சொல்லிவிட்டு அவர் புரண்டு படுத்தார். என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரியாது. தூக்கத்தில் சொன்னதற்கெல்லாம் கணக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் ஆம்பிளைகளுக்கு இல்லை.

எழுந்தபோது கேட்காமலேயே சுடச்சுடக் கோக்கோ வந்தது. சினிவா விசிறிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள். பெட்டியில் மணி ஓடுமே, அது எந்த ஊர் மணி என்று சாதாரணமாகக் கேட்டாள். சந்தேகமென்ன, நம்ம ஊர் மணிதான், சமோவா என்றே போட்டிருந்தது, நிமிஷம்கூடச் சரியாக இருக்கிறது என்று அவர் பெருமையாகச் சொன்னார். அப்படியா என்று சொல்லி அவள் இன்னொரு கோப்பை ஊற்றினாள். கொஞ்சம் விவரம் உள்ள புருஷனாக இருந்தால் அந்த ரெண்டாவது கோப்பையைப் பார்த்தே பயந்திருப்பான். நம்மாள் அதையும் ஊதி ஊதிக் குடித்தார்.

அந்த வாரம் முழுக்கப் பஸ்ஸில் அதே பேச்சு. சனிக்கிழமை எல்லாரும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், படம் ஒரு நொடி நின்றால் பஸ் சாவியைச் செமிசி கையில் கொடுத்துவிடுகிறேன் என்று சவால் விட்டார். செமிசி கடை வாசலில் நின்று, சாவியோடு டீசலும் போட்டுக் கொடுப்பாயா என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. இந்தத் தடவையும் ஒற்றைக் காலில் எவனாவது நின்றுவிட்டால் அசோமுவா ஊரில் தலைகாட்ட முடியாது; அது அவருக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும்.

சனிக்கிழமை வந்தது. ரெண்டரைக்கே பாய் நிறைந்துவிட்டது. போதகர் ஐயாவுக்குத் தூண் ஓரமாக மரியாதையான இடம். செமிசி வேண்டுமென்றே வாசல் பக்கம் உட்கார்ந்தார், எழுந்து போக வசதியாக இருக்குமாம்.

மூணு அடித்தது. அசோமுவா மூச்சை அடக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார். நம்ம பையன்கள் தொடையைத் தட்டிக்கொண்டு போர் ஆட்டம் ஆடினார்கள். படம் எண்ணெய் போட்டதுபோல வழுக்கிக்கொண்டு ஓடியது. பத்து நிமிஷம். இருபது நிமிஷம். வேர்வைத் துளிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. அசோமுவா மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணுமில்ல, கொஞ்சம் பெட்டியில வேலை செஞ்சு வெச்சேன்" என்று யாரும் கேட்காமலேயே சொன்னார். "இப்ப இந்த வீட்டுல என் அனுமதி இல்லாம ஒரு பாக்கெட் உள்ள வர முடியாது."

அவருக்கு உள்ளூர ஒரு உறுத்தல். சினிவா என்ன செய்கிறாள்? தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்கட்டை எட்டிப் பார்த்தார். அவள் தனியாக உட்கார்ந்து சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். போன் பக்கத்தில் குப்புறக் கிடந்தது. காதோரம் செம்பருத்தி வைத்திருந்தாள். வழக்கத்தைவிடப் பெரிய பூ, அரைக் காதை மூடிக்கொண்டு இருந்தது. கிழங்கைப் பார்த்து "ம்ம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அவன் எப்பவுமே அப்படித்தான்" என்றாள். பிறகு தானாகச் சிரித்தாள். அக்காக்களோடு பேச முடியாத ஏக்கத்தில் பாவம் கிழங்கோடு பேசுகிறாளே என்று அசோமுவாவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. அடுத்த வாரம் அவளுக்குப் புதுத் துணி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு திரும்பினார்.

பாதி ஆட்டத்தில் போதகர் ஐயா கை கழுவப் பின்கட்டுக்குப் போனார். போனவர் வர நேரமாயிற்று. வரும்போது முகத்தில் ஒரு புன்னகை இருந்தது. கிழங்கு நன்றாக வெந்திருக்கிறதாக்கும் என்று அசோமுவா நினைத்துக்கொண்டார்.

கடைசி ரெண்டு நிமிஷம். டோங்கா நாலு புள்ளி முன்னால். நம்ம ஆள் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறான். அதே கோட்டை நோக்கி, அதே மாதிரி. காலைத் தூக்கினான். பாயில் இருந்த அத்தனை பேரும் திரையை விட்டுவிட்டு அசோமுவாவைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். எங்கோ கூச்சல் வெடித்தது. கண்ணைத் திறந்தால் அவன் காலைக் கீழே வைத்து, கோட்டைத் தாண்டி, பந்தை மண்ணில் அழுத்திக்கொண்டு கிடக்கிறான். ஜெயித்துவிட்டோம்.

அப்புறம் நடந்ததைச் சொல்லி மாளாது. ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்தார்கள். ஒருத்தர் அசோமுவாவைத் தூக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பந்தை அழுத்தினவனே வந்து நின்றிருந்தாலும் அந்த வீட்டில் அவனுக்கு ரெண்டாவது இடம்தான். செமிசி கிட்டே வந்து, தாழ்ந்த குரலில், "நம்ம வீட்டுப் பெட்டியையும் ஒரு நாளு வந்து பாத்துட்டுப் போப்பா" என்றார். இந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் மூணு வாரம் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காரலாம் என்று அசோமுவாவுக்குத் தோன்றியது. போதகர் ஐயாவோ, கோயில் மண்டபத்துக்கும் லைன் இழுக்கப்போகிறோம், சாயங்கால ஜெப நேரத்தில் தானாக நிற்கும்படி செய்ய வேண்டும், நாளைக்குப் பொறுப்பை அறிவிக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அசோமுவா தலை குனிந்து ஏற்றுக்கொண்டார். யாருக்குப் பொறுப்பு என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற அவசியம் இருப்பதாக அவருக்குப் படவில்லை.

கூட்டம் கலைந்ததும் சமையல் கொட்டகைக்குப் போனார். ஜெயித்தவனுக்கு ஒரு பெருந்தன்மை வரும், பாருங்கள், அது வந்துவிட்டது.

"பாவம், இன்னிக்கு அக்காங்களோட பேச முடியல இல்ல? என்ன செய்யறது, சுறா."

"ஏன் முடியல? ரெண்டு மணி நேரம் பேசினோமே."

சினிவா காதோரத்துப் பூவை எடுத்தாள். அதன் அடியில், காதுக்குள், பட்டாணி அளவுக்கு ஒரு கருவி. அசோமுவா பூவைப் பார்த்தார். கருவியைப் பார்த்தார். குப்புறக் கிடந்த போனைப் பார்த்தார்.

"லைன்... உனக்கு லைன் எப்படி வந்தது?"

"எல்லாருக்கும்தான் வந்தது. உங்க சட்டம் இன்னிக்கு வேலையே செய்யல. பெட்டிக்குள்ள இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமையா? நான் சமோவா மணிதானே வெச்சேன்?"

"அது பழைய பட்டியலு. நாம கிழமை மாத்தின சேதி அதை எழுதினவனுக்குப் போய்ச் சேரல. நேத்து அக்கா ஊரு கிழமையிலதான் உங்க பெட்டி குடும்பம் நடத்துது. மணி சரியா இருக்குன்னு பாத்தீங்க. கிழமையைப் பாத்தீங்களா?"

அவர் பார்க்கவில்லை. மணியைப் பார்த்துவிட்டுத் திருப்தியாக மூடினதுதான். போன ஞாயிற்றுக்கிழமை லைன் இல்லாமல் போனபோது, அவர் தூக்கத்தில் சனிக்கிழமை என்று உளறினதும் அவளுக்கு விளங்கிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை யாருக்குச் சனிக்கிழமை? இத்தனை வருஷமாக நேத்து அக்காவோடு பேசுகிறவளுக்கு இதுகூடத் தெரியாதா? அவர் ஒப்பித்துக் காட்டின நம்பரை அடித்தாளாம். தூணில் தொங்குகிற எண்ணைப் போட்டாளாம். கதவு திறந்துகொண்டதாம்.

அசோமுவா அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தார். சட்டம் வேலை செய்யவில்லை. அஞ்சு பேரும் பேசியிருக்கிறார்கள். பிறகு படம் எப்படி நிற்காமல் ஓடியது?

"நீங்கதானே சொன்னீங்க, மூஞ்சிதான் பன்னிக்குட்டியோட ஏறும், குரல் ஒல்லிப்பிச்சான்னு. நாலு அக்காகிட்டயும் சொன்னேன், இன்னிக்கு யாரும் மூஞ்சியைக் காட்டக்கூடாது, வெறும் பேச்சு மட்டும்தான்னு. பெரியக்கா அரை மணி நேரம் சண்டை போட்டா, புதுசா முடி வெட்டிக்கிட்டு வந்திருந்தா. அப்புறம் ஒத்துக்கிட்டா. நாங்க அஞ்சு பேரும் உங்க ரக்பி மடியிலயே உக்காந்துட்டுப் போயிட்டோம்."

அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"போன மாசம் எல்லாரும் எழுந்து போனப்ப நீங்க டி.வி.க்கு முன்னால தனியா உக்காந்திருந்ததை நான் பாத்தேன். எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கல. உங்க மானம் போனா என் மானம் போகலையா? எங்கிட்ட ஒரு வார்த்தை வாயைத் தொறந்து கேட்டிருந்தா, மூணு வாரம் படிச்சிருக்க வேண்டாம்."

அசோமுவா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கொஞ்சம் நனைந்தது. நனைந்தபடியே போனை எடுத்துப் பெட்டியின் விலாசத்தை அடித்தார், கிழமையையாவது திருத்திவிடலாமே. பாஸ்வேர்ட் தவறு என்றது பெட்டி. இன்னொரு தடவை, தூணைப் பார்த்து எண்ணி எண்ணி அடித்தார். தவறு.

"மாத்திட்டேன்" என்றாள் சினிவா. "சட்டம் அப்படியே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் யாரும் போனை நோண்டாம தூங்கறது உடம்புக்கு நல்லது."

"புது பாஸ்வேர்ட் என்ன?"

"அது நேத்து அக்காகிட்ட இருக்கு. அவளுக்கு இன்னும் சனிக்கிழமை வரல. வந்ததும் கேளுங்க."

இவ்வளவும் நடந்தது சமையல் கொட்டகைக்குள். ஊருக்குத் தெரியாது. அந்த ஒரு ஆறுதலைப் பிடித்துக்கொண்டு அசோமுவா எழுந்துவிட்டார். மறுநாள் வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியும் கட்டிக்கொண்டு, சர்டிபிகேட்டைத் தூணிலிருந்து கழற்றி வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். போகிற வழியெல்லாம் கை குலுக்கல். செமிசி தன் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தார். பெண்கள் பக்கத்தில் சினிவா உட்கார்ந்திருந்தாள், காதோரம் சின்னதாக ஒரு பூ.

பிரசங்கம் முடிந்தது. போதகர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேற்று அசோமுவா வீட்டில் நாமெல்லாரும் கண்டோம், ஒரு நொடிகூடப் படம் நிற்கவில்லை என்றார். சபை முழுக்கத் தலையாட்டியது. மண்டபத்துக்கு லைன் இழுத்து, பெட்டி வைத்து, அதற்கு மணியும் கிழமையும் சரியாக வைக்கத் தெரிந்தவர் நம் சபையிலேயே இருக்கிறார், அவரையே தலைவராக வைக்கிறோம் என்றார். அசோமுவா வேதப்புத்தகத்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"நேத்து நான் கை கழுவப் போனப்ப ஆக்லாந்துல இருக்கிற பெரியக்காவே எங்கிட்ட எல்லாத்தையும் விவரமாச் சொன்னாங்க" என்று போதகர் பெண்கள் பக்கம் திரும்பினார். "சினிவா, நாளைக்கே வேலையை ஆரம்பிச்சுடும்மா."

பிறகுதான் இந்தப் பக்கம் பார்த்தார். முழு உயரத்துக்கும் எழுந்து நின்றிருந்த மனுஷனைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது.

"நல்லதாப் போச்சு. அசோமுவா தானாவே எழுந்துட்டார். ஏணி பிடிக்க ஒரு ஆள் தேடிக்கிட்டிருந்தோம்."